புளியமரம் யாருடையது? ஒரு சேரி வீட்டைப் பழுதுபார்த்தபோது நாங்கள் படித்த வரலாறு



போன வைகாசியில் எங்கள் பூட்டனார் கட்டிய ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கினோம். செங்கல்பட்டுப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய சேரி எங்களுடையது. பத்து வருடங்களாக அந்த வீட்டில் யாரும் குடியில்லை. நாங்கள் எல்லோரும் தெருவின் மறுகோடியில் உள்ள அரசு தொகுப்பு வீட்டுக்குப் போய்விட்டோம். அதன் மேற்கூரை பெயர்ந்து, கம்பி வெளியே தெரிந்து, ஒருநாள் இரவு காரை விழுந்து தங்கையின் கால் கிழிந்தது. அப்போதுதான் பழைய வீட்டின் நினைவு வந்தது. தெருப்பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பகம் நடத்த இடம் தேடிக்கொண்டிருந்த நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டை நிமிர்த்துவது, பின்னால் இருக்கும் புழக்கடையில் காய்கறித் தோட்டம் போடுவது என்பதுதான் திட்டம். வரலாறு எழுதும் எண்ணம் அப்போது யாருக்கும் இல்லை.

புழக்கடையில் முள்ளை வெட்டிய மூன்றாம் நாள், ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சண்டை போடும் முகம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "தோட்டம் போடுங்கப்பா, நல்லதுதான். அந்தப் புளியமரத்துல மட்டும் கை வெக்காதீங்க. அது எங்க தாத்தா காலத்துலேர்ந்து எங்களுது."

மரம் நிற்பது எங்கள் மனையில். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆயாவிடம் போய்க் கேட்டோம்.

"ஆமாங்கண்ணு. வருசா வருசம் மாசியில அவங்கதான் ஆள உட்டு உலுக்கிட்டுப் போவாங்க. நமக்கு ரெண்டு படி குடுப்பாங்க" என்றார் ஆயா, அது ஒரு செய்தியே இல்லை என்பதைப் போல.

"மரத்த வெச்சது யாரு ஆயா?"

"என் மாமியார். அவங்கதான் குடத்துல தண்ணி ஊத்தி வளத்தாங்க."

நம் மனையில், நம் பெண் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம். பலன் அவர்களுக்கு. இரண்டு படி புளி நமக்குத் தயவு. இது எப்படி நடந்தது என்ற கேள்விதான் எங்களை ஏணியிலிருந்து இறக்கிப் பழைய ஆவணங்களுக்குள் அனுப்பியது. அங்கே படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். நிலம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பஞ்சமி நிலம். வயலுக்கு முன்னால் நாம் படுத்துறங்கும் மனையே நம்முடையதாக இல்லாமல் இருந்தது என்பதை நம்மில் பலர் அறியாமல் இருக்கிறோம்.

குடிசை நம்முடையது, அடியில் இருக்கும் மண் நம்முடையதல்ல

1843இல் ஆங்கிலேய அரசு ஐந்தாம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடிமை முறையை நீதிமன்றங்கள் அங்கீகரிக்காது என்றது அந்தச் சட்டம். ஏட்டில் அன்றோடு விடுதலை. நிலத்தில் நடந்தது வேறு. செங்கல்பட்டு மாவட்டம் மிராசு முறை வேரூன்றிய பகுதி. ஊரின் வயல் மட்டுமல்ல, தரிசும் தோப்பும் குடியிருப்பும் தங்கள் உரிமைக்குள் வருவதாகவே மிராசுதார்கள் சொல்லிக்கொண்டார்கள். தரிசு நிலம் வேண்டும் என்று ஒரு பறையர் அரசுக்குத் தர்காஸ்து மனு போட்டாலும், முதலில் அதைக் கேட்கும் உரிமை மிராசுதாருக்கே இருந்தது. 'எங்களுக்கு வேண்டும்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அதை உழ வேண்டும் என்றுகூட இல்லை. நம் ஆள் உழக்கூடாது என்பதே முக்கியம். நம்மவர்களுக்குச் சொந்த நிலம் வந்துவிட்டால் அவர்கள் வயலில் இறங்க ஆள் ஏது?

1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்தின் தாய் ஆவணம் என்று அதை நாம் கொண்டாடுகிறோம். அதில் நம் பேச்சில் அதிகம் வராத ஒரு பகுதி, குடியிருப்பு மனை பற்றியது. சேரி மனைகளையும் மிராசுதார்கள் தங்களுடையது என்று கோரியதை அந்த அறிக்கை பேசுகிறது. அதே காலத்தில் செங்கல்பட்டில் இருந்த பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் இருந்த வில்லியம் கௌடியும் மனைச் சிக்கலைத் திரும்பத் திரும்ப அரசின் முன் வைத்தார்கள்.

மனை ஏன் அவ்வளவு முக்கியம்? யோசித்துப் பாருங்கள். ஒருவர் கூலி அதிகம் கேட்கிறார். அடுத்த ஊருக்கு வேலைக்குப் போகிறார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார். பண்ணையார் சவுக்கை எடுக்க வேண்டியதில்லை. 'என் மனையைக் காலி செய்' என்றால் போதும். 1843இல் போன சங்கிலி மனை வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது. நாளை இருப்போமா என்று தெரியாத மனையில் யார் கல்சுவர் எழுப்புவார்கள்? பத்து வருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை யார் நடுவார்கள்? சேரி என்றால் ஓலைக்குடிசை, மரமில்லாத வெட்டவெளி என்று எழுதியவர்கள் அதை நம் பழக்கமாகவும் சோம்பலாகவும் பார்த்தார்கள். மண் தன்னுடையதல்ல என்று தெரிந்த மனிதர்களின் கணக்கு அது. காய்த்தால் அவர்கள் உலுக்கிக்கொண்டு போவார்கள் என்றால் நடுவானேன்?

ஆயாவின் மாமியார் அந்தக் கணக்கை மீறி ஒரு புளியங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அதுவே ஒரு துணிச்சல்தான் என்று இப்போது எங்களுக்குப் படுகிறது.

1892: தரிசு வந்தது, மனை வரவில்லை

ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கென்று தரிசு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் நிலத்தை அரசு திரும்ப எடுத்து அந்த வகுப்பினருக்கே கொடுக்க வேண்டும். வருவாய்ப் பதிவுகளில் இவை 'டி.சி. நிலம்' என்று குறிக்கப்பட்டன. மாகாணம் முழுதும் இப்படி ஒதுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் முன்வைக்கும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்கள் ஊரில் கேட்டாலே தெரிந்துவிடும்.

மனைச் சிக்கலை அரசு தீவிரமாகக் கையில் எடுக்க இன்னும் ஏறக்குறைய முப்பது வருடங்கள் ஆயின. 1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் என்ற பதவியின் கீழ் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் நலன் கொண்டுவரப்பட்டது. 'லேபர் டிபார்ட்மெண்ட்' என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தேவைப்பட்ட இடங்களில் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைக் கொண்டு நிலத்தை வாங்கி, சேரி மக்களுக்கு வீட்டுமனையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அது இலவசம் அல்ல. மனையின் விலையை நம் மக்களே தவணை முறையில் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்துக் கொடுத்த மண்ணுக்கு, அணா அணாவாகச் சேர்த்து மறுபடியும் விலை கொடுத்தோம். 'அரசாங்கம் சும்மா கொடுத்த இடம்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

நமக்கு மட்டும் நடந்த கொடுமையும் அல்ல இது. பஞ்சாபில் 1900இல் வந்த நில உரிமை மாற்றச் சட்டம், 'விவசாயக் குடிகள்' என்று பட்டியலிடப்பட்ட சாதிகளின் நிலத்தைப் பிறர் வாங்க முடியாமல் தடுத்தது. வயலில் வேலை செய்த தீண்டத்தகாத மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. உழுகிறவர் விவசாயி இல்லை என்று சட்டமே சொன்னது. பாபாசாகேப் அம்பேத்கர் இதைச் சுட்டிக்காட்டிப் பேசியிருக்கிறார். ஊரில் நிலம் உள்ளவர்களின் தயவில் குடியிருக்கும் மக்களுக்குச் சுதந்திரம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது அவர் விடாமல் எழுப்பிய கேள்வி.

ஓட்டில் இருந்த எழுத்து

வீட்டுக்கு வருவோம். கூரையைப் பிரித்தபோது சில ஓடுகளின் அடிப்பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் தெரிந்தன. கழுவிப் பார்த்தோம். 'பாசல் மிஷன், மங்களூர்'. 1865இல் ஜெர்மானிய, சுவிஸ் பாதிரிமார்கள் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை அது. அங்கே செய்த ஓடு, கூரை வேயத் தென்னங்கீற்றுக்குக்கூடப் பண்ணையைக் கேட்க வேண்டியிருந்த ஒரு சேரிக்கு எப்படி வந்தது?

பூட்டனார் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் தங்கவயலுக்குப் போனார்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனார்கள். போன இடங்களிலும் சுரண்டல்தான். ஆனாலும் அங்கே கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையார் கண்ணில் படாத காசு. தங்கவயலில் வேறொன்றும் இருந்தது. மாரிகுப்பத்தில் பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. படிப்பகம் இருந்தது, பத்திரிகை இருந்தது. சுரங்கத்திலிருந்து திரும்பியவர்கள் காசோடு சேர்த்து அந்த நினைப்பையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் பூட்டனார் மார்பு வியாதியோடு திரும்பினார், சீக்கிரம் செத்தும் போனார். அதற்குள் இந்த வீட்டைக் கட்டிவிட்டார். சேரியில் முதல் ஓட்டு வீடு.

ஓட்டு வீடு கட்டுவது லேசான காரியம் இல்லை. ராமநாதபுரத்தில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த தடைகளை அப்போதைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் தம் அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார். முதலில் எட்டுத் தடைகள், பிறகு பதினொன்று. நகை போடக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது, படிக்கக் கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். அதில் நிலத்தைப் பற்றிய தடையும் உண்டு. சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழைத்தண்ணீரை வைத்து ஏதாவது விளைவித்தாலும், அறுவடைக்கு வரும்போது பறித்துக்கொள்ளப்படும்.

இந்த வரியைப் படித்த அன்று எங்களில் யாரும் அதிகம் பேசவில்லை. எங்கள் புளியமரத்தின் கதை அங்கே அச்சில் இருந்தது.

கூரை ஏன் எரிந்தது

இன்று நகரத்து நண்பர்கள் பலர் மண்வீடு கட்டுகிறார்கள். கிராமத்தில் நிலம் வாங்கி, பழைய வீட்டின் தூண்களைத் தேடி வாங்கி வைக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளையும் அக்கிரகாரத் தெருக்களையும் பாரம்பரியம் என்று பாதுகாக்கிறார்கள். அதில் தவறில்லை. மண்சுவர் வெயிலுக்கு நல்லது என்பதும் உண்மைதான். ஆனால் மண்ணும் ஓலையும் அழகு என்று அவர்கள் சொல்லும்போது, நம் தாத்தாக்கள் ஏன் ஒரு கான்கிரீட் கூரைக்காக வாழ்நாள் முழுக்க ஏங்கினார்கள் என்று நாம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓலை எரியும். காரணம் அதுதான்.

1968 டிசம்பர் 25, கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகச் சேர்ந்த உழைப்பாளிகளின் சேரி அது. தாக்க வந்தவர்களிடமிருந்து தப்பிக்கப் பெண்களும் குழந்தைகளும் ஒரு குடிசைக்குள் புகுந்தார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர் எரிந்து போனார்கள். அந்தத் தீயிலிருந்து சில மாற்றங்கள் பிறந்தன. விவசாயத் தொழிலாளர்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் குடியிருப்பு உரிமைச் சட்டம் 1971இல் வந்தது. குடிசை நிற்கும் இடத்தை மட்டுமல்லாமல், அதைச் சரியாக அனுபவிக்கத் தேவையான அடுத்த இடத்தையும் 'குடியிருப்பு' என்ற சொல்லுக்குள் அந்தச் சட்டம் கொண்டுவந்தது. அதாவது புழக்கடையையும். தஞ்சைப் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கச் செய்து, அதைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார். 1978இல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. இன்று தமிழ்நாட்டில் நாம் காணும் பல 'காலனி'கள் அதன் வழியாக வந்தவை.

கான்கிரீட் வந்த பிறகாவது வீடு தப்பித்ததா? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறையே வீடு வீடாகப் புகுந்து அடித்து நொறுக்கியது. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் நிமிர்ந்த ஊர் அது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி மறுப்புத் திருமணம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் எரிந்தது என்ன என்று பாருங்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய பீரோ, வண்டி, தொலைக்காட்சி, பிள்ளைகளின் சான்றிதழ்கள். ஊரைச் சாராமல் ஒரு தலித் குடும்பம் வாழ முடியும் என்பதன் சாட்சிகள் அவை. பூட்டனாரின் மங்களூர் ஓடும் அதே வகைச் சாட்சிதான்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் பாபாசாகேப் தம் புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு ராஜகிருகம். 2020 ஜூலை 7 அன்று அங்கே நுழைந்தவர்கள் எதை உடைத்தார்கள்? கண்ணாடியை, கண்காணிப்புக் கேமராவை, பூந்தொட்டிகளை. அம்பேத்கர் வீட்டு வாசலில் ஒரு செடி தழைத்து நிற்பதுகூடச் சிலர் கண்ணை உறுத்துகிறது.

வீட்டைக் கொளுத்துவதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் குடியிருக்கும் வீட்டைத் தீ வைத்து அழிப்பதற்கு ஆயுள் தண்டனை உண்டு. நிலத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ முறைகேடாக வெளியேற்றுவதும், நிலம், தண்ணீர் மீதான உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பதும் அதே சட்டத்தின்கீழ் குற்றம்.

சுவரும் மண்ணும்

பழுது பார்த்த கதையையும் கொஞ்சம் சொல்கிறோம், உங்களில் யாருக்காவது பயன்படும். சுவர் செம்மண் சுவர். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் அதன்மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள், உறுதியாக இருக்கட்டும் என்று. சிமெண்டுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு, கீழே இரண்டு அடி உயரத்துக்குச் சுவர் மாவாக உதிர்ந்தது. மண்சுவர் மூச்சு விட வேண்டும் என்றார் எழுபது வயது மேஸ்திரி ஒருவர். சிமெண்டை உரித்தோம். செம்மண்ணும் மணலும் நறுக்கிய வைக்கோலும் கலந்து தண்ணீர் விட்டு, நாள்தோறும் மிதித்துப் புளிக்கவிட்டு, உதிர்ந்த இடத்தை அடைத்தோம். மேலே சுண்ணாம்பு. பனஞ்சட்டங்களில் மூன்றை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மற்றவை தட்டினால் இன்னும் இரும்பு போலச் சத்தம் கொடுத்தன.

அந்த மேஸ்திரி எங்கள் சேரிக்காரர்தான். சுற்று வட்டாரத்தில் ஊர்த்தெருவின் எத்தனையோ வீடுகளை அவரும் அவர் அப்பாவும் கட்டியிருக்கிறார்கள். கட்டி முடித்துக் கிரகப்பிரவேசம் ஆன பிறகு அந்த வீடுகளின் நடுக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. "நம்ம பசங்க படிக்கிறதுக்குன்னு பூசுற மொத சுவரு இதுதான்" என்றார். அன்றைக்கு அவர் கூலி வாங்க மறுத்தார். நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம். கூலியில்லா வேலை எங்கள் காலத்தில் வேண்டாம்.

தோட்டத்துக்குக் கிடைத்தது சின்ன இடம். நம் மக்களுக்கு அரசு தரும் மனை பெரும்பாலும் 3 சென்ட்டைத் தாண்டுவதில்லை. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 3 சென்ட்டில் வீடு போக, ஆடு கட்ட, கக்கூஸ் கட்ட என்று போனால் செடி வைக்க என்ன மிஞ்சும்? வீட்டுத்தோட்டம் வையுங்கள், சத்தான காய்கறி சாப்பிடுங்கள் என்று சொல்ல வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. எங்களுடையது பழைய நத்தம் மனை என்பதால் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பார்கள். ஆடியில் அவரையும் பீர்க்கும் சுரையும் ஊன்றினோம். கத்தரி, வெண்டை, மிளகாய்க்குப் பாத்தி கட்டினோம். முருங்கைப் போத்து இரண்டு. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் வழியில் வாழை. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்பதால் இந்த ஏற்பாடு. முளைக்கீரை நான்கு வாரத்துக்குள் கைக்கு வந்தது. முதல் கீரையை ஆயா ஆய்ந்துகொண்டே ஒன்று சொன்னார்: "அப்பல்லாம் கீர வேணும்னா வரப்புலதான் கண்ணு பறிப்போம். மடியில எவ்ளோ இருக்குதுன்னு காட்டிட்டுத்தான் வரணும்." களை எடுக்கப் போன வயலின் வரப்பில் தானாக முளைத்த கீரைக்குக்கூடச் சோதனை. கீரை என்பது எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைக்கு முன் பிச்சையாக இருந்தது. இப்போது விதை.

ஒன்றை எங்களுக்குள்ளேயே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. தோட்டம் போட ஆர்வமாக வந்த பையன்கள் பத்து நாளில் காணாமல் போனார்கள். தண்ணீர் ஊற்றுவது தங்கைகளின் வேலையாகிவிட்டது. புளியமரத்துக்குக் குடத்தில் ஊற்றியதும் ஒரு பெண்தான், பட்டாவில் இருந்ததோ ஆணின் பெயர். இப்போது தண்ணீருக்கு முறை வைத்திருக்கிறோம், சுவரில் எழுதியும் போட்டிருக்கிறோம். மனையின் பெயர் மாற்றத்துக்கு ஆயாவின் பெயரில்தான் மனு கொடுத்திருக்கிறோம்.

ஆவணங்களைத் தேடும் தம்பி தங்கைகளுக்கு

புளியமரத்தைப் பற்றி நாங்கள் ஊர்த்தெருவில் போய்ச் சத்தம் போடவில்லை. முதலில் ஆவணங்களைத் தேடினோம். உங்கள் ஊர் நிலத்தை, மனையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த வரிசையில் போங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகைப்பாடு இருக்கும். புல வரைபடத்தில் எல்லை அளவுகள் இருக்கும். அடங்கலில் யார் அனுபவிக்கிறார்கள் என்பது இருக்கும். இவற்றோடு நிறுத்தாதீர்கள். எஸ்.எல்.ஆர். என்று சொல்லும் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டை வாங்கி, யு.டி.ஆர். என்னும் 1980களின் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பழையதில் டி.சி. நிலம் என்று இருந்தது புதியதில் வெறும் பட்டா நிலமாக மாறியிருந்தால், அங்கேதான் கை வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் தரமாட்டேன் என்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள்.

மரத்துக்கும் தனி ஆவணம் உண்டு. அரசுப் புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை ஒருவர் அனுபவிக்கத் தருவது '2சி பட்டா'. நிலம் வேறு, மரம் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வருவாய்த் துறையில் இருப்பதால், சேரி மரங்களின் மேல் ஊரார் உரிமை பேச அது வசதியாக இருக்கிறது. எங்கள் மரம் புறம்போக்கில் இல்லை, நத்தம் மனைக்குள் இருக்கிறது. அவர்களிடம் 2சி பட்டாவோ வேறு எந்தச் சீட்டோ இல்லை. இருந்தது வழக்கம் மட்டும்தான். வழக்கம் என்ற பெயரில் எத்தனை பறிக்கப்பட்டிருக்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சேரியிலும் ஒரு மரம் இருக்கும் என்று நினைக்கிறோம்.

ஆவணத்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக இதே செங்கல்பட்டில் போராடிய நம் மக்கள் கையில் ஆவணம் இல்லாமலா இருந்தது? துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். நாம் இன்று தாலுகா அலுவலகத்தில் தைரியமாக நின்று பதிவேட்டைக் கேட்க முடிகிறது என்றால் அதற்கு அவர்களும் காரணம்.

மாசி வந்தது. நகல்களை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் இருவரோடு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னோம்: இந்த வருடம் மரத்தை நாங்களே உலுக்கிக்கொள்கிறோம். அவர் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ நாளு இல்லாம இப்ப என்ன?" என்றார். "இவ்வளவு நாளா படிக்க விடலீங்களே" என்றார் எங்களோடு வந்த பெரியவர். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்களை உட்காரவும் சொல்லவில்லை.

பெயர் மாற்ற மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. அளக்க வர வேண்டியவர் இரண்டு முறை தேதி கொடுத்து வரவில்லை. நாளைக்கே வேறு வழியில் தொந்தரவு வரலாம், அதற்கும் தயாராக இருக்கிறோம். ஆனால் மரத்தை உலுக்கிய அன்று சேரியே புழக்கடையில் இருந்தது. ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைக்கும் வரை பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ஆயா வீடு வீடாகப் பங்கு வைத்தார். ஒரு பங்கை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். யாருக்கு என்று கேட்டோம்.

"ஊர்த்தெருவுக்கு. ரெண்டு படி. வருசா வருசம் குடுத்தாங்க இல்ல? நாமளும் குடுப்போம்."

மாலையில் படிப்பகப் பிள்ளைகள் இரண்டு பேர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஜெய்பீம்.